மணிலாச் சிறையில் ஒரு சுல்தான்
சூலூ நாட்டு அஸீமுத்தீனின் வாழ்வும் நமக்கான படிப்பினையும்

 

புதுச்சேரியிலும் அதன் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்வது வழக்கம். மணிலாக்கொட்டை என்னும் சொல்லே பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. விழுப்புரம், பண்ருட்டிப் பக்கங்களில் மணிலா என்றே சொல்வோரும் உளர். மணிலா என்பது கடல் கடந்து கிழக்கே வெகு தொலைவில் உள்ள பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். நம் கடற்கரைக்கும் அந்நகருக்கும் இடையே ஒரு காலத்தில் கப்பல் போக்குவரத்து இருந்தது என்பதை அந்தப் பெயர் இன்றும் நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மணிலாவில் ஒரு முஸ்லிம் சுல்தான் பதினோராண்டுக் காலம் சிறையிலும் காவலிலும் இருந்தார். நம் புதுச்சேரிக் கோட்டையை முற்றுகையிட்டு வீழ்த்திய படையினர் சிலரே, அடுத்த ஆண்டு மணிலாவையும் வீழ்த்தி அவரது விடுதலைக்கு வழி திறந்தனர். அவர்தாம் சூலூ நாட்டு சுல்தான் முதலாம் அஸீமுத்தீன். ஸ்பெயின் நாட்டார் தம் ஏடுகளில் அவரை அலிமுத்தீன் என்று எழுதினர். பிலிப்பைன்ஸ் வரலாற்றைப் படிப்போர் அனைவரும் அறிந்த பெயர் அது.

இவரைப் பற்றிய சுருக்கமான குறிப்பொன்றை நாம் முதன்முதலில் படித்தபோது, மணிலாவுக்குச் சென்று மதம் மாறிய சுல்தான் என்ற செய்தி மட்டுமே நம் கண்ணில் பட்டது. அவரை முர்தத்துகளின் வரிசையில் வைத்துவிட்டு ஏட்டை மூடிவிட்டோம். பின்னர் அவரது வரலாற்றை முழுமையாகப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியபோது, அன்று நாம் அவசரப்பட்டு அளித்த தீர்ப்பை எண்ணி வெட்கினோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தீவுகளில் தீன்

பிலிப்பைன்ஸ் என்றாலே கிறிஸ்தவ நாடு என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 6 பேருக்குச் சற்று அதிகமானோரே முஸ்லிம்கள். ஆனால் ஸ்பெயின் நாட்டார் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அத்தீவுகளின் தென்பகுதியில் இஸ்லாம் வேரூன்றியிருந்தது. சூலூவின் தலைநகராக விளங்கிய ஜோலோவுக்கு அருகே, புத் தாத்தோ என்னும் குன்றில், ஹிஜ்ரி 710 (கி.பி. 1310) என்று பொறிக்கப்பட்ட கல்லறைக் கல் ஒன்று உள்ளது. தாவி-தாவி தீவுக்கூட்டத்தில் உள்ள சிமுனுல் தீவில் ஷெய்கு கரீமுல் மக்தூம் என்னும் இறைநேசர் 1380 ஆம் ஆண்டு பள்ளிவாசல் கட்டியதாக அம்மக்கள் போற்றி வருகின்றனர். அதன் பழைய மரத்தூண்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஷரீஃப் அபூபக்கர் என்பவர் சூலூ சுல்தானகத்தை நிறுவினார். அதன் கிழக்கே பெருந்தீவான மிந்தனாவோவில் மகிந்தனாவோ சுல்தானகம் எழுந்தது.

மணிலாவே முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரின் ஊராக இருந்தது என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். புருனை அரச குடும்பத்தோடு உறவு கொண்டிருந்த ராஜா சுலைமான் அங்கே ஆற்றின் முகத்துவாரத்தில் மரக்கோட்டை அமைத்து ஆண்டார். 1571 ஆம் ஆண்டு ஸ்பெயின் தளபதி லெகாஸ்பி அதைக் கைப்பற்றித் தன் தலைநகரை நிறுவினார். சுலைமானின் மரக்கோட்டை நின்ற இடத்தில்தான் சாந்தியாகோ என்னும் கற்கோட்டை எழுந்தது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சுல்தான் பின்னாளில் அடைபட்டது அங்கேதான்.

வடக்கே கிறிஸ்தவத்தை ஏற்ற பிலிப்பினோ மக்களுக்கும் தெற்கே இருந்த சுல்தானகங்களுக்கும் இடையிலான உறவு வெறும் பகையாக மட்டும் இருக்கவில்லை. முத்து, ஆமையோடு, கடல் அட்டை, தேன்மெழுகு ஆகியன தெற்கிலிருந்து சென்றன. வணிகரும் தூதரும் வந்து போயினர். அதே வேளையில் தென்தீவுப் படகுகள் விசயத் தீவுகளின் கடலோர ஊர்களைச் சூறையாடி மக்களைச் சிறைபிடித்து அடிமைகளாக விற்றதும் நடந்தது. ஸ்பெயின் படையினரும் தெற்கே சென்று ஊர்களை எரித்து, தோப்புகளை அழித்து, மக்களைச் சிறைபிடித்தனர். நம்மவர் செய்தார் என்பதற்காக ஒன்றை மறைப்பதும், பிறர் செய்தார் என்பதற்காக ஒன்றைப் பெரிதாக்குவதும் நீதியாகாது. இரு தரப்பிலும் அழுதவர்கள் ஏழை மீனவரும் உழவருமே.

நம் கடலும் அவர்கள் கடலும்

சோழமண்டலக் கரையிலிருந்து நெய்த துணிகள் மணிலாவுக்குச் சென்றன. அங்கிருந்து மெக்சிகோ நாட்டு வெள்ளி நாணயங்கள் திரும்பி வந்தன. ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் மணிலாத் துறைமுகத்தை ஸ்பெயின் அடைத்துவைத்திருந்த காலத்தில், சென்னைப்பட்டினத்து ஆங்கில வணிகர்கள் தம் சரக்குகளை முஸ்லிம்கள், அர்மீனியர் ஆகியோரின் பெயரில் அனுப்பிவைத்தனர். பரங்கிப்பேட்டை முஸ்லிம் வணிகர்கள் அச்சே, கெடா, மலாக்கா எனக் கிழக்குத் துறைமுகங்கள் பலவற்றோடு தொடர்பு கொண்டிருந்தனர். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரரும் மணிலா வாணிபத்தில் ஈடுபட்டனர். ஆளுநர் துய்ப்ளேக்சும் அதில் பங்கு கொண்டவரே.

வாணிபத்துக்கு அப்பாலும் ஒற்றுமைகள் உண்டு. சூலூவின் தவ்சுக் மக்கள் நம் கடற்கரை முஸ்லிம்களைப் போன்றே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். நாம் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் நூல்களைப் படைத்தது போல, அவர்களும் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள் மன்னார் வளைகுடாவில் முத்தெடுத்தது போல, அவர்கள் சூலூக் கடலில் முத்தெடுத்தனர். நாம் கப்பல் என்பதை அவர்களும் கப்பல் என்றே சொல்கின்றனர். தமிழிலிருந்து மலாய் மொழிக்குச் சென்று அங்கிருந்து தீவுகள்தோறும் பரவிய சொற்களுள் அதுவும் ஒன்று.

சீர்திருத்தம் செய்த சுல்தான்

இத்தகைய நாட்டில் சுல்தான் முதலாம் பத்ருத்தீனின் மகனாகப் பிறந்த அஸீமுத்தீன், 1735 ஆம் ஆண்டு அரியணை ஏறினார். மார்க்கக் கல்வியில் ஈடுபாடு மிக்கவர். திருக்குர்ஆனின் பகுதிகளையும் மார்க்கச் சட்ட நூல்கள் சிலவற்றையும் தம் மக்களின் மொழியில் பெயர்த்தெழுதச் செய்தார். நாட்டின் சட்டத் தொகுப்பைத் திருத்தி அமைத்தார். ஐவேளைத் தொழுகையைப் பேணுமாறு மக்களை வலியுறுத்தினார். நாணயம் அச்சிட்டார், படையை ஒழுங்குபடுத்தினார். ஏட்டறிவும் ஆட்சித் திறனும் ஒருசேர வாய்த்தவர் எனலாம்.

ஓயாத போரினால் வாணிபம் சிதைவதைக் கண்ட அவர், மணிலாவுக்குத் தூதர்களை அனுப்பினார். 1737 ஆம் ஆண்டு ஸ்பெயின் ஆளுநர் வால்டேஸ் தமோனுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. இரு தரப்பும் சமாதானமாக இருப்பது, தங்கு தடையற்ற வாணிபம், கைதிகளைத் திருப்பியனுப்புவது, ஒப்பந்தத்தை மீறும் தத்தம் குடிமக்களுக்கு அவரவர் அரசே பொறுப்பேற்பது ஆகியன அதன் முக்கிய அம்சங்கள். இன்றைய நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஆனால் சமாதானத்தின் பின்னே வேறொரு கோரிக்கை வந்தது. ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப், பாதிரிமார் சூலூவில் சமயம் பரப்ப இசைவு தருமாறு 1744 ஆம் ஆண்டு சுல்தானுக்கு எழுதினார். சுல்தான் இசைந்தார். நட்பைக் காப்பதற்காக இசைந்தாரா, தம் பதவிக்கு ஒரு வலிய துணை தேடி இசைந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இசைவின் விளைவு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஜோலோவுக்குப் பாதிரிமார் வந்திறங்கியதும் ஊர் இரண்டுபட்டது.

சகோதரர் இருவர்

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் சுல்தானின் சொந்தச் சகோதரர் பந்திலான் என்னும் முயிஸ்ஸுத்தீன். தலைவர்கள் பலர் அவர் பக்கம் சாய்ந்தனர். தீர்க்கப்பட வேண்டிய கருத்து வேறுபாடு ஆயுதத்தில் முடிந்தது. 1748 ஆம் ஆண்டு சுல்தான் ஈட்டியால் குத்தப்பட்டுக் காயமுற்றார். தம் குடும்பத்தாரோடும் பரிவாரத்தோடும் சூலூவை விட்டு வெளியேறி, ஸ்பெயினின் கோட்டை இருந்த சாம்போவாங்காவுக்குச் சென்றார். அங்கிருந்து உதவி நாடி மணிலாவுக்குக் கப்பல் ஏறினார். ஜோலோவில் பந்திலான் ஆட்சியில் அமர்ந்தார்.

பெருமக்களே, இந்த இடத்தில் சற்றே நிற்போம். சுல்தானை வெளியேற்றியது அந்நியப் படை அன்று. ஒரே தந்தைக்குப் பிறந்த இருவர், ஒரே பள்ளியில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுத இருவர், ஒரு மஷூராவில் அமர்ந்து பேசித் தீர்க்க முடியாமற் போனதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பந்திலானின் அச்சம் வீண் அச்சமன்று. சுல்தானின் சமாதான நாட்டமும் முற்றிலும் தவறன்று. ஆயினும் வீட்டுச் சண்டையில் தோற்றவர் வெளியாரின் வாசலில் போய் நிற்க நேர்ந்தது.

பனிகியில் நடந்தது

1749 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சுல்தான் மணிலாவை அடைந்தார். அப்போது இடைக்கால ஆளுநராக இருந்தவர் அரெச்செதெரா என்னும் ஆயர். அரச மரியாதையோடு வரவேற்பு நடந்தது, பரிசுகள் குவிந்தன, தங்குவதற்கு மாளிகை கிடைத்தது. ஆனால் இழந்த நாட்டை மீட்டுத்தரும் படை மட்டும் கிடைக்கவில்லை. சுல்தான் கிறிஸ்தவராக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

இதில் ஒரு வியப்பு என்னவெனில், மணிலாவின் பேராயரே இதற்கு உடன்படவில்லை. சுல்தானின் மனமாற்றம் உண்மையானது என்று அவர் நம்பவில்லை. ஆகவே மணிலாவில் நடக்க வேண்டிய சடங்கு, அவரது அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட வடக்கு மறைமாவட்டத்தில், பனிகி என்னும் ஊரில், 1750 ஏப்ரல் மாத இறுதியில் நடந்தேறியது. ஸ்பெயின் மன்னர் ஆறாம் பெர்னாந்தோவின் பெயரே சுல்தானுக்குச் சூட்டப்பட்டது. அவர் ஜோலோவின் கிறிஸ்தவ மன்னர் முதலாம் பெர்னாந்தோ என அழைக்கப்பட்டார். மணிலாவில் வாணவேடிக்கை, காளைப்போர், நாடகம் எனப் பல நாள் விழா எடுக்கப்பட்டது.

நாட்டை இழந்து, காயம்பட்டு, அந்நிய நகரில் அந்நியர் தரும் உணவை உண்டு, அவர்கள் படையை எதிர்நோக்கியிருந்த ஒரு மனிதர் செய்த செயல் இது. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஒரு நாட்டின் தலைவர், அதிலும் மார்க்கம் கற்றவர், அரியணைக்காக அவ்வாறு செய்தார் என்றால் அது பெரும் சறுக்கலே. எனினும் ஒருவரின் வாழ்நாளை ஒரு நாளைக்கொண்டு அளந்துவிடலாகாது.

சிறையும் மகளும்

1751 ஆம் ஆண்டு புதிய ஆளுநர் ஒவாந்தோ, சுல்தானை மீண்டும் அரியணையில் அமர்த்துவதாகக் கூறிக் கப்பற்படையோடு தெற்கே அனுப்பினார். புறப்படுமுன், மகிந்தனாவோ சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதுமாறு அஸீமுத்தீனிடம் கேட்டிருந்தனர். அவர் அரபு எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பின்னர் அதை மொழிபெயர்த்துப் பார்த்த ஸ்பெயின் நாட்டார், தாம் பிறர் ஆதிக்கத்தில் இருப்பதால் கட்டளைக்குப் பணிந்து எழுதுவதாக அவர் அதில் குறிப்பிட்டிருப்பதாகக் கண்டனர். பரிவாரத்தின் படகுகளில் ஆயுதங்கள் இருந்தன என்றும் குற்றம் சாட்டினர். சாம்போவாங்காவில் ஆகஸ்ட் மாதம் சுல்தானும் அவருடன் வந்த இருநூறுக்கும் மேற்பட்டோரும் கைதாயினர். மணிலாவுக்குக் கொண்டுவரப்பட்டு சுல்தான் சாந்தியாகோ கோட்டையில் அடைக்கப்பட்டார். நேற்று வாணவேடிக்கையோடு கொண்டாடியவர்களே இன்று சிறையிலிட்டனர்.

அந்தக் கடிதத்தை எண்ணிப் பாருங்கள். கொண்டாட்டங்களின் நடுவே, தம் நிலையை இன்னொரு முஸ்லிம் சுல்தானுக்கு உணர்த்த அவர் கண்டறிந்த வழி அது. அந்த ஒரு செய்திக்கு அவர் கொடுத்த விலை பதினோராண்டு.

ஸ்பெயின் சூலூவின் மீது கடும்போர் அறிவித்தது. பதிலுக்கு 1752 முதல் 1754 வரை விசயத் தீவுகளின் கரையோர ஊர்கள் என்றுமில்லாத அளவுக்குத் தாக்குண்டன. ஒரு மனிதரைச் சிறையிட்டதால் கடலோரமெங்கும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் சிதறின.

இந்த இருளில் ஒளியாகத் தோன்றியவர் சுல்தானின் மகள் இளவரசி ஃபாத்திமா. அவரும் தந்தையோடு மணிலாவில் சிறைப்பட்டிருந்தார். 1753 ஆம் ஆண்டு, கைதிகள் ஐம்பதின்மரை மீட்டுக் கொண்டுவருவதாகப் பொறுப்பேற்று, அவர் ஜோலோவுக்குச் செல்ல இசைவு பெற்றார். தந்தையின் அரியணையில் அமர்ந்திருந்த பந்திலானிடமே சென்று பேசி, கைதிகளை மீட்டு, சமாதானத் தூதரையும் உடன் அழைத்துக்கொண்டு மணிலாவுக்கே திரும்பி வந்தார். ஊர் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம். ஆனால் கொடுத்த வாக்குக்காக மீண்டும் சிறைவாசலுக்கு வந்தார். வாக்கைக் காப்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆண்கள் வாளெடுத்துச் சாதிக்க இயலாததை அந்தப் பெண்மணி ஒரு பயணத்தால் சாதித்தார். நம் மத்ரஸாவில் பயிலும் பெண் மக்களுக்கு இவ்வரலாற்றை எடுத்துச் சொல்ல வேண்டும்.

1754 இல் பொறுப்பேற்ற ஆளுநர் அரந்தியா கடுமையைத் தளர்த்தினார். பரிவாரத்தார் பலர் ஊர் திரும்பினர். சுல்தான் மட்டும் மணிலாவை விட்டு அகல முடியவில்லை.

புதுச்சேரி வீழ்ந்த ஆண்டு

இனி நம் ஊருக்கு வருவோம். 1760 ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. பின்னர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை புதுச்சேரியை நிலத்திலும் கடலிலும் வளைத்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி உணவுப் பற்றாக்குறையால் நகரத்துத் தமிழ் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் பசியால் பட்ட பாடு சொல்லி மாளாது. 1761 ஜனவரி முதல் நாள் வீசிய புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தும் முற்றுகை நீங்கவில்லை. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப்பிள்ளை அந்த முற்றுகையின் இறுதி நாட்களில்தான் காலமானார். ஜனவரி 16 அன்று நகரம் பணிந்தது. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

அதே ஜனவரி மாதம் 28 ஆம் நாள், சென்னைப்பட்டினத்திலிருந்து சென்ற அலெக்சாண்டர் டால்ரிம்பிள் என்னும் ஆங்கிலக் கும்பெனி அலுவலர், ஜோலோவில் சுல்தான் பந்திலானுடன் வாணிப உடன்படிக்கை செய்துகொண்டார். அவர் பயணம் செய்த பாய்க்கப்பலின் பெயர் என்ன தெரியுமா? கடலூர்! நம் பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய கப்பல் சூலூ சுல்தானகத்தின் துறையில் நங்கூரமிட்டிருந்தது.

1762 ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. சென்னைப்பட்டினத்திலிருந்து டிரேப்பர், கார்னிஷ் ஆகியோர் தலைமையில் மணிலாவை நோக்கிப் படை புறப்பட்டது. வந்தவாசியிலும் புதுச்சேரி முற்றுகையிலும் போரிட்ட 79 ஆவது படைப்பிரிவு அதன் முதுகெலும்பு. அதனுடன் நம் நாட்டுச் சிப்பாய்கள் ஏறத்தாழ 600 பேர் சென்றனர். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். பிரெஞ்சுப் படையிலிருந்து பிடிபட்டும் பிரிந்தும் வந்தவர்கள் கொண்ட அணிகளும் அதில் இருந்தன. செப்டம்பர் 23 அன்று கப்பல்கள் மணிலா விரிகுடாவில் தோன்றும்வரை, போர் மூண்ட செய்தியே அந்நகருக்கு எட்டியிருக்கவில்லை. அக்டோபர் 6 அன்று மணிலா வீழ்ந்தது.

அப்படையிலிருந்து விலகிய நம் நாட்டுச் சிப்பாய்கள் சிலர் மணிலாவுக்குக் கிழக்கே உள்ள கைந்தா, தைதாய் ஆகிய ஊர்களில் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து, அம்மக்களோடு கலந்துவிட்டனர். அவர்களின் வழிவந்தோராகத் தம்மைக் கருதும் குடும்பங்கள் இன்றும் கைந்தாவில் உள்ளன.

வீடு திரும்புதல்

மணிலாவின் வீழ்ச்சியால் அஸீமுத்தீன் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். 1763 ஆம் ஆண்டு அவர்களோடு உடன்படிக்கை செய்து, போர்னியோவின் வடபகுதியைக் கும்பெனிக்கு விட்டுக்கொடுக்க பந்திலான் செய்த ஏற்பாட்டை உறுதிப்படுத்தினார். ஒரு வல்லரசின் பிடியிலிருந்து விடுபட இன்னொரு வல்லரசுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே ஐரோப்பாவில் 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அந்த ஒரே உடன்படிக்கையின் பயனாகத்தான் மணிலா ஸ்பெயினுக்கும், புதுச்சேரி பிரான்சுக்கும் திரும்பின. மணிலாவை ஆங்கிலேயர் 1764 இல் காலி செய்தனர். இடிபாடாகக் கிடந்த நம் நகரம் 1765 இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. எங்கோ ஒரு மேசையில் இட்ட கையெழுத்து, இரு கடற்கரைகளின் தலைவிதியை எழுதியது. அங்கிருந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

1764 ஆம் ஆண்டு டால்ரிம்பிள் சுல்தானை ஜோலோவுக்கு அழைத்துச் சென்றார். பந்திலான் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். ஆட்சியில் இருந்த பந்திலானின் மகன் வழிவிட்டு ஒதுங்கினார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்த சுல்தானை மக்கள் மீண்டும் ஏற்றனர். மணிலாவில் சூட்டப்பட்ட பெயர் மணிலாவோடு நின்றுவிட்டது. அவர் முஸ்லிம்களின் சுல்தானாக, அஸீமுத்தீனாகவே ஆண்டார். 1773 ஆம் ஆண்டு இறுதியில் முதுமையின் காரணமாகத் தம் மகன் இஸ்ராயீலிடம் ஆட்சியை ஒப்படைத்தார். மணிலாவில் தந்தையோடு இருந்து அங்கேயே கல்வி பயின்றவர் அந்த இஸ்ராயீல்.

அவரும் நெடுநாள் ஆளவில்லை. 1775 இல் சூலூத் தலைவர் ஒருவர் பலம்பங்கான் தீவிலிருந்த ஆங்கிலக் குடியேற்றத்தைத் தாக்கி அழித்தார். சில ஆண்டுகளில் இஸ்ராயீல் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதாக வரலாறு கூறுகிறது. அரியணை பந்திலானின் வழியினருக்குச் சென்றது. சகோதரர் இருவர் தொடங்கிய பூசலை அவர்தம் பிள்ளைகளும் சுமந்தனர்.

நாம் பெற வேண்டிய படிப்பினை

முதலாவதாக, தீர்ப்பளிப்பதில் அவசரம் கூடாது. நெருக்கடியில் ஒருவரின் நாவு சொன்னதைக்கொண்டு அவர் உள்ளத்தை அளந்துவிட முடியாது. அம்மார் பின் யாசிர் (ரலி) அவர்கள், எதிரிகளின் சித்திரவதை தாளாமல் சொன்ன சொல்லுக்காகக் கண்ணீரோடு வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரது உள்ளத்தின் நிலையைக் கேட்டறிந்து ஆறுதல் அளித்த நிகழ்வை நாம் அனைவரும் அறிவோம். அஸீமுத்தீனின் நிலை அதற்கு முற்றிலும் ஒப்பானது என்று நாம் கூற வரவில்லை. அவர் முன்னே அரியணை ஆசையும் இருந்தது. ஆனால் அவரது உள்ளத்தை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அவரால் இன்னல்பட்ட சூலூ மக்களே அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டிருக்க, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஏட்டைப் புரட்டும் நாம் அவரை வெளியே நிறுத்துவது முறையாகுமா? வழி தவறிச் சென்ற ஒருவர் திரும்பி வரும்போது கதவைத் திறந்துவைக்கும் ஜமாஅத்தே நல்ல ஜமாஅத்.

இரண்டாவதாக, உள்வீட்டுப் பூசலை உள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். பாகப்பிரிவினையாயினும், பள்ளி நிர்வாகமாயினும், மார்க்கக் கருத்து வேறுபாடாயினும் அமர்ந்து பேசினால் தீராதது அரிது. பேசாமல் பிரிந்தால் மூன்றாமவர் உள்ளே நுழைவார். அவர் முதலில் மாளிகை தருவார், பின்னர் சிறையும் தருவார்.

மூன்றாவதாக, அண்டை சமயத்தாரோடு நட்பு வேண்டும்; அந்நட்பு நேர்மையான ஒப்பந்தத்தின் மீது நிற்க வேண்டும். 1737 இன் உடன்படிக்கை நீடித்திருந்தால் விசயத் தீவின் மீனவரும் சூலூவின் மீனவரும் ஒரே கடலில் அமைதியாக வலை வீசியிருப்பர். அந்த அமைதிக்கான முயற்சி இன்றும் தொடர்கிறது. 2014 இல் பிலிப்பைன்ஸ் அரசுக்கும் மோரோ முஸ்லிம் போராட்ட அமைப்புக்கும் இடையே சமாதான உடன்பாடு ஏற்பட்டு, 2019 இல் பங்சமோரோ என்னும் தன்னாட்சிப் பகுதி உருவானது. சூலூ மாகாணம் அதில் சேராது என 2024 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஸீமுத்தீன் காலத்துக் கேள்விகள் வேறு வடிவில் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கின்றன.

இனி மல்லாட்டை உரிக்கும்போதெல்லாம் மணிலாவை நினைப்போம். அந்நகரில் அடைபட்டுக் கிடந்த சுல்தானையும், கொடுத்த வாக்குக்காகத் திரும்பி வந்த அவர் மகளையும் நினைப்போம். அவர்கள் பிழைகளை மன்னித்து, அவர்கள் செய்த நன்மைகளை ஏற்றுக்கொள்ளவும், நம் மஹல்லாவை ஒற்றுமையில் நிலைத்திருக்கச் செய்யவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.